சீனியம்மாள் கேட்டது பாதை, நான் கேட்டது புதையல்

என் வாழ்நாளில் நான் எழுதிய மிக நீளமான வாக்கியம் ஒன்றரைப் பக்கம். அதில் 'மேற்படி' பதினோரு முறை வரும். முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று. அதுவும் டைப் அடித்தவர் மூச்சு வாங்கி, இரக்கப்பட்டு வைத்தது. அந்தப் பக்கத்தை ரொம்ப நாள் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். மற்ற வக்கீல்கள் அந்த இடத்தில் சாமி படம் வைத்திருப்பார்கள்.

புதிதாகக் கறுப்பு அங்கி மாட்டியிருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். ஜெயித்த வழக்குகளை எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை நான் கோர்ட் கேன்டீனில் முப்பது வருஷம் பேசித் தீர்த்துவிட்டேன். டீ மாஸ்டரைக் கேட்டால் தேதிவாரியாகச் சொல்வார். இது வேறு. ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால், என் ஒன்றரைப் பக்க வாக்கியத்தால் ஓர் அம்மாவின் நாலு ஏக்கர் நிலம் அந்த வருஷம் தரிசாகக் கிடக்க இருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

அந்த அம்மா பெயர் சீனியம்மாள். ஐம்பதை ஒட்டிய வயது. கோவில்பட்டிக்கு வடகிழக்கே ஓர் ஊரில் நாலு ஏக்கர் கரிசல், மானாவாரி. வீட்டுக்காரர் இறந்த பிறகு தானே விதைத்துத் தானே அறுக்கிறவர். ஆடி மாதம் ஒரு நாள் என் ஆபீசுக்கு வந்து, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து, விஷயத்தைச் சொல்லிவிட்டார். பக்கத்து நிலத்தை கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, நடத்தும் ஒரு முதலாளி வாங்கி, சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார். சீனியம்மாள் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதை அந்த வேலிக்குள் மாட்டிக்கொண்டது.

"டிராக்டர் போறதுக்குப் பாதை விடச் சொல்லுங்க வக்கீலய்யா. புரட்டாசி மழைக்கு முன்னால நான் விதைக்கணும்."

இவ்வளவுதான். இரண்டு வரி. கரிசல்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பருவம் தவறினால் அந்த மண்ணில் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. மழை கனத்துவிட்டால் டிராக்டர் சக்கரம் பாதி புதைந்து நிற்கும். மனிதன் இறங்கினால் செருப்பு மட்டும் தனியே நிற்கும். விதைப்பு போனால் வருஷம் போயிற்று.

அந்த இரண்டு வரியை அப்படியே நோட்டீசில் எழுதியிருக்கலாம். ஆனால் நான் யார்? இரண்டு வரியில் நோட்டீஸ் அனுப்பினால் எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? ஆகவே சீனியம்மாளின் மாமனார் காலத்துக் கிரயப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினேன். பழுப்பேறிய காகிதம், அழகான கையெழுத்து. நான்கு எல்லைகளும் நாளும் நட்சத்திரமும் போல வரிசையாக எழுதியிருந்தன. கிழக்கே கந்தசாமி புஞ்சை, மேற்கே இரட்டைப் பனை, வடக்கே ஓடை, தெற்கே சுடலைமுத்து தொழுவம்; வண்டிப்பாதை இரட்டைப் பனையை ஒட்டி வடக்கே. அதன் கீழே என் மனத்தைக் கொள்ளை கொண்ட ஒரு தொடர்: 'நிதி நிட்சேப ஜல தரு பாஷாணம் உள்பட சகல பாத்தியங்களும்.' பழைய பத்திரங்களில் இது சடங்குபோல வரும். நிலத்தோடு அதில் உள்ள புதையல், தண்ணீர், மரம், கல் எல்லாம் சேர்த்தி என்று பொருள். அந்தத் தொடரை வாய்விட்டுப் படித்தால் கும்பாபிஷேகத்தில் நிற்பது மாதிரி இருக்கும். அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. எல்லைகளையும் மந்திரத்தையும் அப்படியே நோட்டீசில் தூக்கிப் போட்டேன். ஐந்து பக்கம் வந்தது.

சீனியம்மாளுக்கு ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன். முடித்ததும் தலையாட்டினார்.

"நல்லா சத்தமா இருக்கு வக்கீலய்யா."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மனுஷி புரியவில்லை என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது என்று இப்போது தெரிகிறது.

ஆவணியில் பதில் நோட்டீஸ் வந்தது. ஏழு பக்கம். எங்கள் நோட்டீசில் கண்டது அனைத்தும் பொய், கற்பனை, உள்நோக்கம் கொண்டது என்று அனைத்தையும் மறுத்திருந்தார்கள். எதை மறுக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. சரியான ஜோடி கிடைத்தது என்று நினைத்தேன். பதினான்கு பக்கத்தில் பிராது தயார் செய்து வழக்குப் போட்டேன். சொத்து விவரத்தைப் புதிதாக எழுதவில்லை. கம்ப்யூட்டரில் நோட்டீசைத் திறந்து, காப்பி அடித்து, பிராதில் ஒட்டச் சொன்னேன். விதைப்புக்கு முன் பாதையைத் திறந்துவிட இடைக்கால மனுவும் கூடவே. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்த ஒன்றரைப் பக்கம் இந்தப் பிராதிலிருந்து எடுத்ததுதான்.

நீதிபதி நிதானமானவர். முதலில் ஒரு கமிஷனர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரட்டும் என்றார். கமிஷனராக நியமிக்கப்பட்டது, பதிவு செய்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு பெண் வக்கீல். அவருக்கு அது முதல் கமிஷன். வாழ்த்துச் சொன்னேன். பிராது நகலை அவர் கையில் கொடுத்து, எல்லாம் இதில் விவரமாக இருக்கிறது என்று சொன்னதும் நான்தான்.

புரட்டாசி பிறந்த முதல் வாரம், காலை பத்து மணி, அந்தப் புஞ்சைக்காட்டில் நின்றோம். கமிஷனர், முதலாளியின் வக்கீல், சீனியம்மாள், நான். முதலாளி வரவில்லை. நான் மட்டும் மரியாதைக்காக கோட்டோடு போயிருந்தேன். கரிசல் வெயிலில் கறுப்புக் கோட்டு மாட்டி நிற்பவனை, தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூட மேய்ச்சலை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

கமிஷனர் பிராதைப் பிரித்து வைத்துக்கொண்டு நடந்தார். முதலில் இரட்டைப் பனையைத் தேடினார். பனையே இல்லை. ஓடையைத் தேடினார். ஓடை தூர்ந்து, உடைமரம் முளைத்து, வேறு பக்கமாகப் போயிருந்தது. கந்தசாமி புஞ்சை மூன்று கை மாறியிருந்தது. தொழுவம் இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நின்றது. முதலாளி ஆடி மழைக்கே வேலிக்குள் உழுது போட்டிருந்ததால் பாதையின் தடமும் இல்லை. அந்த மண்ணை ஒரு தடவை உழுதுவிட்டால் பாதையாவது வரப்பாவது, எல்லாம் ஒரே கறுப்பு.

சீனியம்மாள் வேலிக்கு அப்பால் கையை நீட்டி, இந்தா இதுதான் பாதை என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் உடனே ஆட்சேபித்தார். பிராதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் கமிஷனர் பார்க்கவேண்டும், அந்த அம்மா கைகாட்டுவதை இல்லை என்றார். அவர் சொன்னது சட்டப்படி நியாயம்தான். போதாததற்கு, சீனியம்மாள் காட்டிய இடம் தெற்கு ஓரம். என் பிராதுப்படி பாதை இரட்டைப் பனையை ஒட்டி வடக்கே போகவேண்டும்.

கமிஷனர் என்னிடம் வந்தார். பிராதை என் பக்கமாகத் திருப்பினார்.

"சார், நீங்களே காட்டிடுங்க. இதுல சொல்லியிருக்கிற பாதை எது?"

வாங்கிப் படித்தேன். மேற்படி எல்லைகளுக்குட்பட்ட மேற்படி புஞ்சைக்கு மேற்படி ஓடைக்குத் தென்பால். கிழக்கே திரும்பினேன், வடக்கே திரும்பினேன். கோட்டுக்குள் வியர்வை இடுப்பு வரை இறங்கியது. நானே எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நிலத்தை நான் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று அங்கே ஒப்புக்கொள்ளவில்லை. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொன்னேன்.

கமிஷனர் அங்கேயே நின்று குறிப்பு எழுதினார். இரண்டு நாளில் அறிக்கை தாக்கலானது. முக்கியமான வரி ஒன்றுதான். பிராதில் விவரித்துள்ள பாதையை நேரில் அடையாளம் காண முடியவில்லை.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்த வரியோடு விட்டால் மனு தள்ளுபடி. வேலி வேலியாகவே இருக்கும். அன்று சாயங்காலம் கிழக்கே மேகம் திரளத் தொடங்கியிருந்தது. விசாரணைக்கு நாலு நாள்தான் இருந்தது. அந்த நெருக்கடியில் அனுபவசாலி என்று பெயரெடுத்த நான் என்ன செய்தேன் தெரியுமா? கமிஷனர் அறிக்கைக்கு ஆட்சேபணை எழுத உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் அது ஒரு கைப்பழக்கம். அறிக்கை நமக்குச் சாதகமாக இல்லையா, கமிஷனர்மேல் பாய். டைப் அடிப்பவரை உட்கார வைத்து, கமிஷனர் அனுபவமற்றவர், ஸ்தலத்தை முறையாகப் பார்வையிடவில்லை, மேற்படி அறிக்கை மேற்படி காரணங்களால் என்று குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

விசாரணைத் தேதி கேட்க வந்த சீனியம்மாள் எதிர் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரச் சொல்லுதிய, அந்தப் பிள்ளையவா?"

ஆமாம், அப்படி எழுதினால்தான் அந்த அறிக்கையைத் தள்ளுவார்கள் என்று விளக்கினேன்.

"அவ தெரியலன்னுதான எழுதிருக்கா. ஒங்களுக்குந்தான் தெரியல, நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். இவ்வளவுக்கும் நீங்க எழுதுனது. நீங்க அன்னைக்கு வாசிச்சியள்ளா, அதக் கேட்டதுல இருந்து எங்க புஞ்ச எங்கன இருக்குன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

டைப் அடிப்பவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

கோபம் வந்தது என்பது உண்மை. என் வயதென்ன, அனுபவமென்ன. ஆனால் கோபப்படுவதற்குக் காரணம் ஒன்றும் கையில் சிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முதல் அறிக்கை. இந்த ஆட்சேபணை போனால் அவர் பெயர் கெடும். பாதை அப்போதும் தெரியாது. அந்த அம்மாவுக்கு அதனால் ஒரு விதைகூட மண்ணில் விழாது. என் கௌரவம் மட்டும் தப்பிக்கும். மூன்று பக்கத்தையும் வாங்கி நாலாகக் கிழித்துவிட்டு, சரி நீங்கள் சொல்லுங்கள் என்றேன். பேனாவை எடுத்தேன்.

"ஊருக்கு வடக்க தண்ணித்தொட்டி. அங்கன இருந்து மண்ரோட்டுல வந்தா ஒத்த வேப்பமரம். மரத்துக்குக் கெழக்க மொதலாளி வேலி. வேலிக்குள்ள தெக்கு ஓரமாவே நூறு தப்படி கெழக்க நடந்தா எங்க புஞ்ச. மொதலாளி வெட்டுன கெணறு வடக்க இருக்கு, அந்தப் பக்கம் எங்களுக்குச் சோலியே இல்ல."

எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இடுப்பில் வேட்டி இல்லாமல் கோர்ட்டுக்குப் போவது மாதிரி ஒரு கூச்சம். எங்கேயாவது ஒரு மேற்படியைச் செருகலாமா என்று கை அரித்தது. டைப் அடிப்பவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஆனால் ஒருமுறை சூடு பட்டவன் அல்லவா? இதுவும் சீனியம்மாளுக்கு மட்டும் புரிகிற பாதையாக இருந்துவிட்டால்? மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் நின்ற ஓர் ஆட்டோக்காரரைப் பிடித்தேன். கடம்பூர்க்காரர், அந்த ஊர்ப் பக்கம் போனதே இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஊர் எல்லை வரை வழி சொன்னேன். அங்கே வண்டியை நிறுத்தி அந்தக் காகிதத்தைக் கொடுத்து, இனி இதைப் படித்து அந்த அம்மா நிலத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள், யாரையும் விசாரிக்கக் கூடாது, நானும் வாய் திறக்க மாட்டேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிதானமாகப் படித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். தண்ணீர்த் தொட்டி வரை ஜோராகப் போனார். அங்கிருந்து போனவர் நேராக ஓர் ஆட்டுக்கிடைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். முந்தின தடவை என்னைப் பார்த்த அதே ஆடுகளாக இருக்கவேண்டும். இந்தத் தடவை அவை கண்டுகொள்ளவில்லை.

"அண்ணாச்சி, தொட்டிகிட்ட மண்ரோடு ரெண்டால்லா பிரியுது. இதுல ஒண்ணுதான் போட்டிருக்கு. எத நான் எடுக்க?"

முப்பது வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த குறுக்கு விசாரணை அதுதான். திரும்பி வந்து பார்த்தோம். தொட்டிக்கு வலது பக்கம், ரேஷன் கடையை ஒட்டிப் போகும் ரோடு. பேனாவால் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அதன்பிறகு அவர் யாரையும் கேட்காமல் வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி, வேலியைக் காட்டி, இதுக்குள்ள தெக்கு ஓரம் என்றார். அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரும்பினேன்.

விசாரணை நாள். சொத்து விவரத்தைத் திருத்தக் கேட்கும் மனுவோடு அந்த ஒரு பக்கத்தையும் கொடுத்திருந்தேன். நகல் எதிர்த்தரப்புக்கும் போயிருந்தது. கமிஷனர் பெண் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் ஆட்சேபணை எழுதியதை யாரோ சொல்லியிருக்க வேண்டும், முகம் வெளிறியிருந்தது. எங்கள் கட்டடத்தில் சுவருக்குக் காது மட்டுமல்ல, வாயும் உண்டு. கமிஷனர் அறிக்கைக்கு ஆட்சேபணை இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார்.

எழுந்தேன். இல்லை, அறிக்கை சரி, பாதை தெரியாமல் போனது கமிஷனர் தவறில்லை, என் பிராதின் தவறு, நிலத்தைப் பார்க்காமல் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதிவிட்டேன் என்றேன். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பதில் சொல்ல ஏழு பக்கம் தயாராக வைத்திருந்த எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார், மறுக்க ஒன்றும் இல்லாததால் ஏழு பக்கத்தையும் மடித்து வைத்தார். பிறகு, கடைசி நேரத்தில் பிராதை மாற்றக் கூடாது என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் முதலாளியைக் கவனித்தேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து எழுந்து வந்து தன் வக்கீலின் அங்கியைப் பின்னாலிருந்து இழுத்தார். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். எல்லோருக்கும் கேட்டது.

"இந்தப் பாதையத்தான் கேக்காவளா? கெணத்த இல்லையா?"

நீதிபதி அவரை முன்னால் வரச் சொல்லி, என்ன விஷயம் என்று கேட்டார்.

"அய்யா, இவிய அனுப்புன நோட்டீஸ மூணு தடவ படிச்சேன். ஜலம்னு போட்டிருந்தது. நிதி நிட்சேபம்னு புதையல வேற போட்டிருந்தது. லட்சணமா ஒரு கெணறு வெட்டிருக்கேன், அதப் புடுங்கத்தான் பாக்காவன்னு நெனச்சேன். தெக்கு ஓரத்துல ஒரு டிராக்டர் போறதுக்கு நான் எதுக்கு மறிக்கப்போறேன்? அந்தம்மா ஏங்கிட்ட நேரா கேட்டிருந்தா அன்னைக்கே ஒரு கதவு வச்சிருப்பேன்."

சீனியம்மாள் என் பக்கம் திரும்பினார். நான் கட்டுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நீதிபதி அந்த ஒரு பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். ஒரு நிமிஷம்தான் ஆனது. பக்கத்தில் என் பதினான்கு பக்கம் நூல் கட்டி இருந்தது. அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இதை ஆடி மாசமே கொண்டு வந்திருக்கலாமே வக்கீல் சார்" என்று மட்டும் சொன்னார். மத்தியானத்துக்குள் சமரச மனு எழுதினோம். தெற்கு ஓரத்தில் பன்னிரண்டு அடிக்கு இரும்புக் கதவு, சாவி இருவரிடமும். சமரச மனுவை நானும் எதிர்த்தரப்பு வக்கீலும் சேர்ந்து எழுதினோம். அவர் முதல் வரியிலேயே ஒரு மேற்படி போட்டார். நான் அடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற கவலை இருந்தது.

மூன்றாம் நாள் கதவு வந்தது. மறுநாள் டிராக்டர் போனது. உளுந்து விதைத்து ஒரு வாரத்தில் மழை பிடித்தது. எத்தனை நாள் தள்ளியிருந்தால் தவறிப்போயிருக்கும் என்று நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்ததுண்டு. ஒரு கை விரல் போதும்.

அதன் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. கை அவ்வளவு சீக்கிரம் திருந்தாது. ஆனால் ஒன்று செய்தேன். வழக்கு எதுவானாலும் எழுதி முடித்ததும் வாசலில் நிற்கும் யாராவது ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, இதில் நான் என்ன கேட்கிறேன் என்று கேட்பேன். என்னைக் கண்டால் ஆட்டோக்காரர்கள் சவாரி இருப்பதாகச் சொல்லி நழுவ ஆரம்பித்தார்கள். உங்கள் காலத்தில் செல்போனைத் தட்டினால் இருபது பக்கம் எழுதிக் கொடுக்கிறதாம். கொடுக்கட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு காட்டில் போய் நிற்கப்போவது நீங்கள்தான், செல்போன் இல்லை.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். சீனியம்மாள் கோர்ட் வளாகத்துக்கு வந்தார். தலையில் ஒரு சாக்குப்பை, பாதி அளவுக்குப் புது உளுந்து. வேப்பமரத்தடியில் நாங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். அவர் வருவதைப் பார்த்ததும், அடக்கமாக இருக்கவேண்டும், முதலில் வேண்டாம் என்று சொல்லி அப்புறம் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன். சீனியம்மாள் என்னைத் தாண்டிப் போனார். எனக்குப் பின்னால் நின்ற அந்தக் கமிஷனர் பெண்ணின் காலடியில் பையை இறக்கினார்.

"இந்தா தாயி, இது ஒனக்கு. நீ ஒருத்திதான் தெரியலன்னு சொன்ன."

அந்தப் பெண் பதறிப்போய் என்னைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளம்மா என்றேன்.

எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் ஸ்கூட்டியில் வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நல்ல கனம். போகிற வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தேன்.